மூன்று விரல் இடைவெளி

ஜனவரி 17, புதன்

வண்டி வந்து இறங்கியது. வண்டி என்று சொல்வது என் நம்பிக்கை. குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பல வருடங்கள் கோழிக்கூடாக இருந்த 1937 போர்டு காரின் உடல் அது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, சக்கரம் இல்லை. பின்சீட்டு இருந்த இடத்தில் வைக்கோல். அதற்குள் ஒரு முட்டை, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் உடையாமல் மலையிறங்கி வந்திருக்கிறது. என் மனைவி தமயந்தி அதை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"கூமுட்டைங்க" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொல்லியிருக்கிறேன்: வெட்டப் போகிறேன். பழைய காரை எடுத்து, வேண்டாததைக் கழற்றி எறிந்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, பெரிய எஞ்சினை வைத்து, வேகத்துக்காக மட்டும் கட்டுவது. ஹாட் ராட் என்று பெயர். எங்கள் ஊர்ப் பழைய கார் சங்கத்தின் செயலாளர் ஜெகதீசனுக்கு இது பிடிக்காது. "பழைய வண்டிய வெட்டறது பெத்த தாய வெட்டற மாதிரி" என்று கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சொன்னவர். அவருடைய வண்டி கல்யாண ஊர்வல வேகத்தைத் தாண்டி ஒருநாளும் ஓடியதில்லை. தாய் நலமாக இருக்கட்டும்.

கோடைக்குள் முடிக்க வேண்டும். அவிநாசிப் பக்கம் வெள்ளாண்டிக்குளம் இந்த வருடம்தான் கடைசியாக வற்றும் என்கிறார்கள். கால்வாய் வேலை முடிந்துவிட்டது. மே மாதம் ஆற்றுத் தண்ணீர் வந்தால் பிறகு வருடம் முழுக்க நிற்குமாம். விவசாயத்துக்கு நல்லது. எனக்கு அதற்குள் அந்தக் காய்ந்த தரையில் இந்த வண்டி ஒருமுறை ஓட வேண்டும். வேறெங்கும் ஓடினால் பிரயோஜனமில்லை.

ஜனவரி 19

வைக்கோலை எரித்தேன். கோழி வாசம் போகவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

லத்தீப் வந்தான். உக்கடத்தில் டிங்கர் பட்டறை வைத்திருப்பவன். ஐம்பது வயதாகியும் தலைக்கு மை பூசி, மீசையை மட்டும் மறந்துவிடுவான். தகடு அவன் சொன்னபடி கேட்கும்; அவன் யார் சொன்னபடியும் கேட்க மாட்டான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"சார், சூப்பர் பாடி. பின்னாடி ரெண்டு பக்கமும் அகல டயர் போட்டு, மேல ரெக்கை ஒண்ணு வெச்சு, சைடுல தீ எரியற மாதிரி ஸ்டிக்கர். தொண்ணூறுல என்ற மாமன் மேட்டடோர் வேன்ல போட்டிருந்தான். ஊரே நின்னு பாக்கும்."

"மேட்டடோர் வேன்ல முட்டைக்கோஸ் போகும் லத்தீப். இது அந்தக் காலம் இல்ல."

"அப்ப எந்தக் காலம்?"

"நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்போது."

"நீங்களே பொறக்கலையே சார். பொறக்காத காலம் எப்பிடிப் புடிக்கும்?"

ஸ்டிக்கர் கிடையாது, இறக்கை கிடையாது, பெயின்ட்கூடக் கிடையாது, ரெட் ஆக்சைடு மட்டும்தான் என்று சொன்னேன். தமயந்தி தேநீர் கொண்டுவந்தவள், "நம்ம ஜன்னல் கம்பிக்கு அடிக்கறதுங்களா?" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஹாட் ராட் கட்டுகிறவர்கள் அங்கே ஒரு குழுவாக இருக்கிறார்களாம். தமிழ்க்காரர்தான். பேச்சுவாக்கில் கேட்டார்: "சார், உங்களுக்குப் புடிச்ச காலம் எது? இந்த ஸ்டைலுக்கு யார் உங்க இன்ஃப்ளுயன்ஸ்?"

முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்னேன். இருபத்தைந்து வருடம் பாடம் நடத்திய வாய் அல்லவா. உலகப்போர் முடிந்து கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிய இளைஞர்கள், குறைந்த விலைக்குக் கிடைத்த பழைய போர்டுகள், வற்றிப்போன ஏரிப் படுகைகள். தரை வெள்ளையாக, சமமாக, எல்லையில்லாமல் கிடக்கும். காற்று தடுக்கக் கூடாதென்று கூரையை அறுத்தார்கள். எடை குறைய மட்கார்டுகளைக் கழற்றினார்கள். அழகுக்காக எதுவும் செய்யவில்லை, ஆனாலும் எல்லாம் அழகாகிவிட்டது. பிறகு வந்தவர்கள்தான் அழகுக்காகச் செய்து கெடுத்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு, "யாரும் இல்ல. ஒரு படம்" என்றேன்.

அது உண்மை. 1987இல் டவுன்ஹால் நடைபாதைக் கடையில் வாங்கிய அட்டையில்லாத அமெரிக்கப் பத்திரிகை. அதில் ஒரு பக்கம் முழுக்க அந்தப் படம்: வெடித்த தரை, கானல், நடுவில் நெற்றி இல்லாத மாதிரி கூரை தாழ்ந்த ஒரு கார். அதைப் பார்த்ததும், "அண்ணா, இது நம்ம வெள்ளாண்டிக்குளம்தானே?" என்று ஒரு குரல் கேட்டது. அது போனில் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

மரம் அறுக்கும் மில்லில் வாங்கிய எஞ்சினைப் பிரித்தேன். போர்க்கால லாரியின் எட்டு சிலிண்டர். வருடக்கணக்காக மரம் அறுத்திருக்கிறது. உள்ளே எதிர்பார்த்ததைவிடச் சுத்தம். மனிதர்களைப் பிரித்துப் பார்த்தால் இப்படி இருப்பதில்லை. துறைத்தலைவர் பதவிக்கு என்னைத் தாண்டி இன்னொருவனை உட்காரவைத்த எங்கள் கல்லூரி முதல்வரைப் பிரித்தால் என்ன இருக்கும்? பட்டி. தகட்டுப் பள்ளத்தை அடைத்து மறைக்கிற பசை, முழுக்க.

முதல் வண்டியைப் பற்றி எழுதிவிடுகிறேன், நடுவில் நடுவில் வந்து தொந்தரவு செய்கிறது.

அப்பாவின் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு பழைய போர்டு நின்றது. அதை எண்பத்தேழு கோடையில் நானும் தங்கை கோதையும் வெட்டினோம். எனக்குப் பதினெட்டு, அவளுக்குப் பதினாறு. கூரையை முழுக்கவே எடுத்துவிட்டோம், தாழ்த்தத் தெரியாததால். ஸ்டீரிங்கில் பிடி வழுக்குகிறது என்று அவள் கூடை ஒயரால், பச்சையும் வெள்ளையுமாக, வளையம் முழுக்கப் பின்னிவிட்டாள். குளம் வற்றியிருந்தது. நான் ஓட்டினால் அணையும். அவள் ஓட்டினால் ஓடும். இது அவளே சொன்னது, என் கருத்து அல்ல.

பிறகு நான் மேல்படிப்புக்கு வடக்கே போனேன். அவள் கல்யாணத்துக்கு ஊர் வந்து இறங்கியபோது மோட்டார் ரூம் பக்கத்தில் பந்தல். சமையல் அடுப்பு எரிந்த இடத்தில்தான் வண்டி நின்றிருந்தது. அப்பா எடைக்குப் போட்டுவிட்டார், பந்தலுக்கு இடம் வேண்டுமென்று. அவள் அங்கேயே இருந்தவள். ஒரு வார்த்தை எனக்கு எழுதவில்லை, ஒரு வார்த்தை தடுக்கவில்லை. மணவறையில் அவள் கை மட்டும் நினைவிருக்கிறது. மருதாணி கறுத்துப்போய், நகமெல்லாம் கறுப்பு. அதைக்கூடச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அப்பாவின் காரியத்தன்று, அவள் வீட்டுக்காரர் சொந்தங்கள் எல்லாம் இருக்கும்போது, "என்ற வண்டிய எடைக்குப் போட்ட எடத்துலதான் இவளுக்குக் கல்யாணம்" என்றேன். அவள் திரும்பி, "உன்ற வண்டியா அது?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப்பின் பேச்சில்லை. திருப்பூரில் இருக்கிறாள்.

எழுதியாயிற்று. இனி எஞ்சின்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கூரை வெட்ட நாள் பார்த்தது லத்தீப். செவ்வாய் ஆகாதென்று தமயந்தி சொன்னாள். "பாய்க்கு என்னங் மேடம் செவ்வாய்?" என்று அவன் ரம்பத்தில் பிளேடை மாட்டினான்.

வெட்டுவதற்குமுன் அளவு எடுக்க வேண்டும். இதில் ஒரு முறை இருக்கிறது. ஓட்டுகிற ஆளைச் சீட்டில் உட்காரவைத்து, உச்சந்தலைக்கு மேல் மூன்று விரல் விட்டுக் கோடு போடுவது. கூடினால் வண்டி தொப்பி போட்டமாதிரி ஆகும். குறைந்தால் முதல் பள்ளத்தில் மண்டை உடையும். சீட்டை வைத்தாயிற்று. தமயந்தியைக் கூப்பிட்டேன்.

"நானுங்களா?"

"சும்மா உக்காரு."

"எனக்கு சைக்கிளே வராதே. என்ற தலைய எதுக்குங்க அளக்கறீங்க?"

"வேற ஆள் இல்ல."

"நீங்க இல்லீங்களா? அண்ணன் இல்லீங்களா?" லத்தீப்பைக் காட்டினாள். அவன் வேறு பக்கம் பார்த்துப் பீடியைத் தேடினான்.

உட்கார்ந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஸ்டீரிங் இல்லாத இடத்தில் இரண்டு கையையும் நீட்டி, பஸ் டிரைவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அவள் தலைக்குமேல் மூன்று விரல் வைத்துக் கோடு போட்டேன். இறங்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் கோதைக்கும் ஒரே ஒசரம். கல்யாணத்துக்கு அவ ரவிக்கைதான் எனக்குச் சேர்ந்துச்சு."

எனக்கு அது தெரியாது. அல்லது மறந்துவிட்டது.

பிப்ரவரி 21

வெட்டியாயிற்று. நான்கு அங்குலம். நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். கழுத்தை மடித்தால்தான் முடிகிறது, அப்போதும் தரை மட்டும்தான் தெரிகிறது.

"சொன்னனே சார், உங்க ஒசரத்துக்கு ரெண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு. என்ன பண்றது இப்ப? மேல ஓட்டை போட்டுத் தலைய வெளிய விடலாமா? ஒட்டகச்சிவிங்கிய லாரில கொண்டு போவாங்களே, அப்பிடி."

அளவில் பிசகிவிட்டது என்று சொன்னேன். ஆனால் அந்தக் காலத்துக் கோடு சரியாக வந்திருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால், கண்ணைச் சுருக்கி எதையோ தூரத்தில் பார்க்கிற முகம்.

மார்ச் 3, ஞாயிறு

முன்தூண் சாய்வானது. வெட்டி இறக்கினால் மேல்பாதி கீழ்ப்பாதியோடு பொருந்தாது, ஒரு கை தள்ளி நிற்கும். கூரையைக் குறுக்கே அறுத்து, நடுவில் தகடு சேர்த்து நீட்ட வேண்டும். பள்ளத்தைப் பட்டியால் நிரப்பலாம் என்றான் லத்தீப். ஈயத்தால்தான் நிரப்ப வேண்டும் என்றேன். உள்ளே ஒளிந்திருக்கிற இடத்தில் ஈயம் இருந்தால் யாருக்குத் தெரியும் என்றான். எனக்குத் தெரியும். நாள் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் ஈயத்தை உருக்கித் தடவினான். அவனே அசந்துவிட்டான். தடவித் தடவிப் பார்த்து, "குழந்தை முதுகு மாதிரி இருக்குங் சார்" என்றான். ஆனால் இடது தூணில் என் கண் மறைந்த நேரம் கொஞ்சம் பட்டி வைத்திருக்கிறான். விரலால் தட்டினால் சத்தம் மாறுகிறது. மறக்க மாட்டேன்.

மார்ச் 9

பெடல்களைப் பொருத்தினேன். சற்று உயர்த்தி, சற்று முன்னால் தள்ளி. என் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிறது. எஞ்சினுக்குத் தடுப்புத் தகடு தடித்துவிட்டதால் அப்படி வைக்கவேண்டியதாயிற்று.

மார்ச் 16, சனி

மதியம் ஷெட்டிலேயே தூங்கிவிட்டேன். தகரம் கொதித்தது. குளம் வந்தது, தண்ணீரில்லாமல். தரை ஓடுஓடாக வெடித்து, ஒவ்வொரு ஓடும் ஓரத்தில் சுருண்டு, அப்பளம் மாதிரி. கரையில் பனைகள் நின்றபடியே உருகின. வண்டி எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் புழுதி மட்டும் நேராக வானத்துக்குப் போகிறது. சத்தம் வரவில்லை. நான் கரையில் நிற்கிறேனா வண்டிக்குள் இருக்கிறேனா என்று தெரியவில்லை. இரண்டு இடத்திலும் இருந்த மாதிரி. வண்டி திரும்பி என்னை நோக்கி வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, அளவு பெரிதாகவில்லை. ஓட்டுகிறவர் முகத்தில் வெயில் கண்ணாடி மின்னியது. பல் தெரியச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஒரு முன்பல் லேசாக உடைந்திருக்கிறது. அது ஸ்டார்ட்டிங் கம்பி அடித்து உடைந்த பல்.

எழுந்தபோது வாயெல்லாம் புழுதி ருசி. ஷெட்டில் புழுதி இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

லத்தீப் ஒரு சாக்குப்பையோடு வந்தான். "சார், ஸ்டீரிங் தேடிட்டிருந்தீங்களே. உக்கடத்துல ஒரு கடைல கெடச்சுது."

வெளியே எடுத்தான். பழைய போர்டு ஸ்டீரிங். வளையம் முழுக்கக் கூடை ஒயர் பின்னல். பச்சை வெளுத்து, வெள்ளை மஞ்சளாகி, ஓரிடத்தில்கூட அவிழவில்லை. முடிச்சு எல்லாம் ஒரே பக்கம், உள்ளங்கை படாத பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறது.

"எந்தக் கடை?"

"அதாங் சார், அந்த... சந்துக்குள்ள. கடைக்காரர் பேரு மறந்துபோச்சு."

லத்தீப்புக்குப் பேர் மறக்காது. எனக்கு ஈயம் விற்றவனுடைய கொழுந்தியாள் பேர்வரை சொன்னவன். அவன் போனபிறகு தமயந்தி வந்து ஸ்டீரிங்கைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. எதுவும் கேட்காதது அவள் வழக்கம் அல்ல.

உக்கடத்தில் கிடைத்தது என்றே எழுதி வைக்கிறேன். ஒயரைப் பிரித்துவிட்டுத் தோல் சுற்றுவதுதான் அந்தக் காலத்து முறை. பிரிக்கவில்லை. நேரம் இல்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

எஞ்சின் உயிர் பிடித்தது. இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப்போக அரைநாள். பிறகு திடீரென்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பிடித்துவிட்டது. நான்கு சிலிண்டர் வண்டிகள் பேசும். இது முனகும், தூக்கத்தில் எதையோ நினைத்துச் சிரிக்கிற மாதிரி. பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து காக்காய்கள் எழுந்தன. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. லத்தீப் இரண்டு கையையும் தூக்கி ஆடினான்.

பின்கட்டில் தமயந்தி போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசவில்லை. போனை வண்டிப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்ததும் காதுக்குக் கொண்டுபோய், "ஆமாங், இங்க ஒரே சத்தம், அப்புறம் பேசறேன்" என்றாள்.

யாரென்று கேட்கவில்லை. ஆனால் அவள் நின்றவரைக்கும் எஞ்சினை நான் அணைக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு. சித்திரை ஒன்று

காலையில் வேப்பம்பூ ரசம். கசப்பே தெரியவில்லை என்றேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் தமயந்தி.

செய்தித்தாளில் இருந்தது: மே முதல் வாரத்தில் கால்வாய் திறப்பு. நினைத்ததைவிடச் சீக்கிரம்.

வண்டி தயார். ஓட்ட ஆளில்லை. லத்தீப் தானே ஓட்டுவதாகச் சொல்லி நுழைந்தான். தொப்பை ஸ்டீரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. நானும் தமயந்தியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம். வெளியே வந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "சார், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்க" என்றான்.

"அப்ப சொல்லாதே."

"இந்த வண்டில உக்கார்றதுக்கு ஊர்ல ஒரே ஆளுதான் இருக்கு."

"லத்தீப்."

"நான் ஊருன்னு பொதுவாச் சொன்னேனுங் சார். திருப்பூரும் ஊருதானே."

ஏப்ரல் 21, ஞாயிறு

தமயந்தி இன்று சுற்றி வளைக்கவில்லை. சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் கோதைகிட்டக் கேட்டேங்க. வர்றியான்னு."

நான் சாப்பிட்டேன்.

"கூப்பிடாத வீட்டுக்கு வர மாட்டேங்கறா. பொறந்த வீட்டுக்குக் கூப்பிட வேண்டியது அண்ணன், அண்ணி இல்லேங்கறா. அவ சொல்றது நாயந்தானுங்களே?"

"கொழம்பு."

"கொழம்பு ஊத்தறேன். நீங்க சொல்லுங்க."

நான் ஏன் கூப்பிட வேண்டும்? ஒன்பது வருடம் அவள் கூப்பிட்டாளா? உன்ற வண்டியா என்று கேட்டவள் அவள்தானே? இதையெல்லாம் தமயந்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பதில் வைத்திருப்பாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

தனியாக வெள்ளாண்டிக்குளம் போய்ப் பார்த்தேன். தரை காய்ந்து நன்றாக இறுகியிருக்கிறது. கரைக்கு அந்தப் பக்கம் புதுக் கால்வாய், வாய் திறந்து, சிமெண்ட் வாசனையோடு. அங்கே நின்ற வாட்ச்மேன், ஆறாம் தேதி திங்கட்கிழமை திறக்கிறார்கள், அதற்கு முன்னாலேயே சோதனைக்குக் கொஞ்சம் விட்டுப் பார்ப்பார்கள் என்றார். அடுத்த ஞாயிறு ஒன்றுதான் இருக்கிறது.

நடுக்குளம்வரை நடந்தேன். காலுக்குக் கீழே ஓடுகள் நொறுங்கின. நடுவில் நின்றால் நான்கு பக்கமும் கானல், கரை மிதக்கிறது, கரைமேல் ஆடுகள் மிதக்கின்றன. எனக்குப் பிடித்த காலம் எது என்று அந்தப் பெங்களூர்க்காரர் கேட்டார். நாற்பத்தெட்டும் நாற்பத்தொன்பதும் படத்தில் பார்த்தவை. நின்று வேர்த்தது இங்கேதான். எண்பத்தேழு, சித்திரை வைகாசி. அது காலமா? இரண்டு மாதம். அதற்கு ஒரு ஸ்டைல் பெயரும் கிடையாது.

மே 1, புதன்

போன் எடுத்தேன். வைத்தேன். ஷெட்டைக் கூட்டினேன்.

மே 2, வியாழன்

பேசினேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். "ஹலோ" என்றாள். மூச்சு மட்டும் கேட்டது. நான் யோசித்து வைத்திருந்த எந்த வாக்கியமும் வரவில்லை.

"பெடல் எட்டுமான்னு தெரியல" என்றேன்.

"யாருக்கு?"

"உக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

பின்னால் ஏதோ குக்கர் விசில்.

"கிளட்ச் பாரமா இருக்குமா?"

"மரம் அறுத்த எஞ்சின். பாரமாத்தான் இருக்கும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"காலைல. வெயில் ஏறறதுக்குள்ள."

"சரி" என்றாள். வைத்துவிட்டாள். இதைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. கதவோரம் நின்ற தமயந்தி, "ஏனுங்க, வான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துருமா?" என்றாள்.

மே 5, ஞாயிறு

லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு நானும் லத்தீப்பும் விடிந்ததும் போய்விட்டோம். தமயந்தி பின்னால் ஆட்டோவில், இட்லிப் பொட்டலங்களோடு. பலகை வைத்து இறக்கினோம். சிவப்புத் தரையில் சிவப்பு வண்டி. குளத்திலிருந்து முளைத்த மாதிரி இருந்தது.

ஏழு மணிக்கு மேல் கரையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. சுடிதார் போட்ட, குட்டையான, நரைத்த ஒரு பெண் இறங்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையிலிருந்து சறுக்கி இறங்கி வந்தாள். அம்மாவின் நடை. எனக்கு ஒரு கணம் யாரென்று புரியவில்லை. பிறகு சிரித்தாள். உடைந்த பல் அப்படியே இருக்கிறது, கட்டிக்கொள்ளவில்லை.

என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் முதலில் பார்த்தாள். சுற்றிவந்தாள். ஈயம் போட்ட இடத்தைத் தடவினாள். இடது தூணில் விரலால் தட்டினாள்.

"இங்க மட்டும் பட்டி" என்றாள்.

லத்தீப் லாரிப் பக்கம் போய்விட்டான்.

கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கால் பெடலில் போய் நின்றது, தேடாமல். இரண்டு கையும் ஒயர்மேல். தலைக்கு மேலே கையை வைத்து அளந்து பார்த்தாள். மூன்று விரல். கையை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"ஏண்ணா, என்னயக் கேக்காம என்ற ஒசரத்துக்குக் கூரை வெட்டியிருக்கே. நான் வரலீன்னா?"

"அளவுல பிசகிப்போச்சு."

"ம்ம். எம்டெக் படிச்சவருக்கு நாலு அங்குலம் பிசகும்."

தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"நீயும் ஏறு" என்றாள் கோதை.

"எனக்குத் தலை நுழையாது."

"மடிச்சுக்க. எல்லாத்துக்கும் நிமிந்தே நிக்கோணுமா?"

ஏறினேன். கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, கன்னம் கூரையில் அழுந்த, முழங்கால் நெஞ்சில். ஜன்னல் கீற்று வழியாகத் தரை மட்டும் தெரிந்தது. அவள் ஸ்டார்ட் செய்தாள். ஒரே தடவையில் பிடித்தது. எனக்கு ஒருநாளும் ஒரே தடவையில் பிடித்ததில்லை.

முதலில் மெதுவாக. தரையின் ஓடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறகு கோடுகளாயின. பிறகு தரை ஒரே சிவப்புத் துணியாக அடியில் உருவிக்கொண்டு போனது. புழுதியும் சூடும் உள்ளே வந்தன. கோழி வாசமும், எங்கிருந்தோ. எஞ்சின் முனகலிலிருந்து பாட்டுக்கு வந்துவிட்டது. பனைகள் எங்கே, கரை எங்கே, எனக்குத் தெரியாது. சத்தத்துக்கு நடுவில் அவள் கத்திப் பேசினாள்.

"ஸ்டீரிங் மட்டுந்தாண்ணா கழட்ட முடிஞ்சுது! முகூர்த்தத்தன்னிக்குக் காலைல! லாரிக்காரன் வந்துட்டான்! நட்டு இறுகிக்கெடந்துச்சு! கையெல்லாம் கிரீஸ், தேய்ச்சும் போகல! மருதாணி ஏண்டி இப்பிடிக் கறுத்துப்போச்சுன்னு மாமியா கேட்டாங்க!"

கூரை கன்னத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் நாக்கு கடிபடும்.

"அண்ணா! முன்னாடி மினுங்குது! கானலா, தண்ணியா?"

எனக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. "கானல்தான்!" என்றேன்.

கானல் இல்லை. கால்வாயில் சோதனைக்கு விட்ட தண்ணீர், விரல் கனத்துக்கு, தரையின் வெடிப்புகள் வழியாக ஓடி வந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துவிட்டாள். பதறவில்லை. கியரைக் குறைத்து, அகலமாக ஒரு வளைவு வளைத்து, முன்சக்கரம் இரண்டும் ஈரத்தின் ஓரத்தில் வந்து நிற்கிற மாதிரி நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். அமைதி. சூடான சைலன்சரின் டிக் டிக். அதற்கு அடியில் இன்னொரு சத்தம், மெல்லியது. காய்ந்த தரை தண்ணீர் குடிக்கிற சத்தம்.

இருவரும் இறங்கவில்லை. ஈரம் சக்கரத்துக்கு வந்தது, சுற்றிக்கொண்டு தாண்டிப் போனது.

"இது யாரு வண்டிண்ணா?" என்றாள், முன்னால் பார்த்தபடியே.

ஒன்பது வருடமாக அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். நல்ல பதில்.

"எனக்குத் தலையே நுழையல" என்றேன். "நீயே பாத்துக்க."

சாவியை எடுக்காமல் அவள் கை ஸ்டீரிங்கிலேயே இருந்தது. ஒயர் முடிச்சுகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். கரையிலிருந்து தமயந்தி கத்தினாள், இட்லி ஆறிப்போகுதென்று.

தண்ணீர் ஏறுமுன் திருப்பி ஓட்டிவந்தோம். லாரியில் ஏற்றும்போது லத்தீப், தூணில் பட்டியைச் சுரண்டி ஈயம் வைத்துத் தருவதாகச் சொன்னான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள்.

மே 6, திங்கள்

கால்வாய் திறந்துவிட்டார்கள்.

கழுத்து திரும்பவில்லை. இடப்பக்கமே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். தமயந்தி தைலம் தேய்த்தாள். கூரையை இரண்டு அங்குலம் உயர்த்தித் தருவதாக லத்தீப் போன் செய்தான். பக்கத்தில் உட்காருகிறவனுக்கு எதற்கு உயரம் என்றேன்.